குளிர்க்கோட்டுக் களவு

ஜனவரி 2, வெள்ளி

விடியத் தொடங்கிய தூறல். பத்து மணியாகியும் விட்டபாடில்லை. உடுவில் முழுக்கச் சேறு. கந்தோருக்கு இரண்டு கிழமை லீவு. நானில்லாமல் தபாற்கந்தோர் நடக்காது என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். நடக்குமாம்.

இன்றைய வேலை:
நாலு வீட்டுக்கும் விளக்கு.
பாரிஸ் வீட்டுக் குழாய் ஒழுக்கு.
முருங்கைக்காய், கத்தரிக்காய், நல்லெண்ணெய்.
வனிக்கு நுளம்பு வலை. பழசில் இரண்டு ஓட்டை.

எங்கள் ஒழுங்கையில் ஏழு வீடு. நாலில் ஆளில்லை. சொந்தக்காரர் லண்டன், பாரிஸ், ஒஸ்லோ, சிட்னி. நாலு பூட்டின் திறப்பும் என்னிடம். வெள்ளிக்கு வெள்ளி திறந்து, கூட்டி, விளக்கு வைத்துப் பூட்டுகிறேன். "ஜெயிலர் அம்மா வெளிக்கிட்டிட்டா" என்று இவர் நக்கல். பென்ஷன் எடுத்ததிலிருந்து மனிசனுக்கு அதுதான் வேலை.

வனியும் அவள் புருசன் ரவியும் நேற்றுப் பின்னேரம் வந்து சேர்ந்தார்கள். ரொறன்ரோவிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து ரயில். என் ஒரே தங்கை, பதினொரு வருடத்துக்குப் பிறகு. ஸ்ரேசனில் அவள் அழுதாள். நான் அழவில்லை. "மெலிஞ்சு போனாய்" என்றேன். பொய். நன்றாகக் கொழுத்திருக்கிறாள், பார்க்க அவ்வளவு சந்தோசம்.

ஆறு பெட்டி. அன்ரன்தான் ஓட்டோவில் இரண்டு தரம் ஓடி ஏற்றி வந்தான். குருநகர்ப் பிள்ளை. பன்னிரண்டு வருடமாக எங்கள் கந்தோர்ப் பார்சல் எல்லாம் அவன் ஓட்டோவில்தான். இரண்டாம் தரம் வந்தபோது கையில் இரண்டு பெரிய கோட்டு. குழந்தைப்பிள்ளையைத் தூக்குவது போல ஏந்திக்கொண்டு வந்தான்.

"அக்கா, இது நனையக் கூடாதாம். நான் நனைஞ்சாப் பரவாயில்லையாம்."

இரவுச் சாப்பாட்டில்தான் திகதி தெரிந்தது. பதினோராந் திகதி போகிறார்களாம். பொங்கல் பதினைந்தில். ரவிக்கு அன்றைக்குத்தான் ரிக்கெற் மலிவாம்.

"ஓ, அப்பிடியே" என்றேன். ரசத்தில் உப்புக் கூடிவிட்டதாம். எனக்குத் தெரியவில்லை.

ஜனவரி 3, சனி

வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. ரவி கோட்டுகளைக் கொடியில் காயவிட்டான். ரயில் புழுக்கம் பிடித்துவிட்டதாம். வனியுடையது முழங்கால்மட்டும் நீளம், வைன் நிறம். அவனுடையது கறுப்பு, தொப்பியைச் சுற்றி மயிர். கம்பனிப் பெயரைச் சொன்னான். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன், நாக்குப் புரளவில்லை. உள்ளே வாத்து இறகாம். சைவ வீட்டுக் கொடியில் எத்தனை வாத்து தொங்குகிறதோ.

வேலியால் எட்டிப் பார்த்த சரசக்கா: "இதென்ன பிள்ளை, மெத்தைக்குக் கை வைச்சுத் தைச்சிருக்கு?"

விலையைக் கேட்டு இவர் தன் மோட்டச்சைக்கிளைப் போய் ஒரு தரம் பார்த்துவிட்டு வந்தார். பாவம், அதை விற்றாலும் இரண்டு கோட்டுக்குக் காணாது.

ரவி விளங்கப்படுத்தினான். "இப்ப அங்கை மைனஸ் இருபத்தஞ்சு, மச்சாள். உது இல்லாமல் எயார்போட் வாசலைத் தாண்டேலாது. தாண்டினால் ஆள் சரி."

"அப்ப கோட்டில்லாட்டிப் போகேலாதோ?"

"எப்பிடிப் போறது?"

நன்றாகக் கேட்டுக்கொண்டேன்.

வனி நாலு இடியப்பம் என்று தொடங்கிப் பதினொன்று சாப்பிட்டாள். சொதியைக் குடித்தே முடித்தாள். எண்ணக் கூடாது, எண்ணிவிட்டேன்.

ஜனவரி 5, திங்கள்

மப்பு வானம். மழையில்லை.

செய்துவிட்டேன்.

பதினொரு மணிக்கு மூன்று பேரும் அன்ரனின் ஓட்டோவில் நல்லூருக்குப் போனார்கள். எனக்குத் தலையிடி என்றேன். ஒழுங்கை திரும்பும் சத்தம் கேட்டதும் தலையிடி மாறிவிட்டது.

கோட்டுகளை மடிக்க முடியவில்லை. ஒரு பக்கம் அமத்தினால் மறுபக்கம் புடைக்கிறது. கடைசியில் மேலே ஏறி இருந்தேன். உஸ்ஸென்று காற்றுப் போனது. அந்தச் சூட்டோடு லண்டன் வீட்டுக்கு ஓடி, கமலா ரீச்சரின் பழைய படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்து வந்து மூட்டையாகக் கட்டி, சைக்கிள் கரியரில் வைத்தேன். ஐம்பது யார்த் தூரம்தான். அதற்குள் சரசக்கா.

"என்ன பிள்ளை மூட்டை?"

"பழைய துணியள், அக்கா."

ரீச்சர் செத்து ஒரு வருடமாகிறது. மகன் லண்டனில். அவவின் உடுப்பெல்லாம் அப்படியே அலுமாரியில். கீழ்த்தட்டில் மூட்டையை வைத்துப் பூட்டினேன். "ரீச்சர், கொஞ்ச நாளைக்குப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஐம்பத்தேழு வயதில் முதற் களவு. தபாற்கந்தோரில் முப்பது வருடம், ஒரு முத்திரை பிசகியதில்லை. சம்பல் இடிக்கும்போது பாடினேன் போலிருக்கிறது. வந்திறங்கிய இவர் கேட்டார்: "தலையிடிக்காறிக்கு என்ன பாட்டு?"

அன்ரன் அரிசி மூட்டையைத் தூக்கி வந்து உள்ளறையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போனான்.

எனக்கு வேண்டியது பொங்கலன்று வனி என்னோடு முற்றத்தில் நிற்பது. அவள் கலியாணமாகிப் போனதன் பிறகு ஒரு பொங்கலுக்கும் அவள் இங்கே இருந்ததில்லை. பெரிய ஆசையா இது?

ஜனவரி 7, புதன்

இரண்டு நாளாக ஒருவரும் கவனிக்கவில்லை! யாழ்ப்பாணத்தில் யார் குளிர்க்கோட்டுத் தேடுவது. நான் இதை யோசிக்கவே இல்லை. கள்ளர் கூட்டத்தில் என்னைச் சேர்க்க மாட்டார்கள்.

இவரை வீட்டில் விட்டுவிட்டு வனியும் நானும் பஸ்ஸில் ரவுணுக்குப் போனோம். இரண்டு சேலை, ஒரு சோடி செருப்பு, ஐஸ்கிறீம். மழைக்கு ஒதுங்கிக் கடை வாசலில் முக்கால் மணித்தியாலம் நின்றோம். அவளின் ஒரு குடைக்குக் கீழே இருவரும் நின்றதில் எனக்கு ஒரு பக்கம் முழுக்க நனைந்தது. இருவரும் சின்னப் பெட்டையள் மாதிரிச் சிரித்தோம், எதற்கென்று நினைவில்லை. பஸ்ஸில் என் தோளில் தலை வைத்து நித்திரை கொண்டாள். எங்கள் ஒழுங்கை வந்தபோது எழுப்ப மனம் வரவில்லை. இரண்டு தரிப்புத் தள்ளி இறங்கி நடந்தோம்.

இவருக்குச் சோறு போட்டு வைக்க மறந்து போனேன். தானே போட்டுச் சாப்பிட்டாராம். பகல் முழுக்க ஏதோ அலுவலாம். கேட்கவில்லை.

ஜனவரி 8, வியாழன்

பிடிபட்டது. அதாவது, கோட்டு இல்லையென்பது.

ரவி தராசைத் தொங்கவிட்டுப் பெட்டி நிறுக்கத் தொடங்கினான். வெளிநாட்டுக்காரர் போவதற்கு மூன்று நாள் முதலே இதுதான் வேலை. மிளகாய்த்தூள் இரண்டு கிலோ, ஒடியல்மா, வேப்பம்பூ வடகம், புழுக்கொடியல். "கோட்டை மேலை வைச்சுப் பாப்பம்" என்றான். பிறகு கட்டிலுக்குக் கீழே தேடினான். பிறகு கத்தினான்.

வீடு முழுக்கத் தேடினோம். நானும் தேடினேன். அடுப்புக்குள் எட்டிப் பார்த்தேன். அது கொஞ்சம் அதிகம்.

வனி கதிரையில் இருந்து கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். "போனாப் போகட்டுமப்பா. மகனை எயார்போட்டுக்கு வேறை கோட்டுக் கொண்டு வரச் சொல்லுவம்."

அவ்வளவுதான் என் திட்டம். கச்சான் கோதோடு போயிற்று.

ஆனால் ரவி விடுகிற ஆளில்லை. "எங்கடை அறைக்குள்ளை ஆர் வந்தது? உவன் ஓட்டோக்காறன்தானே அரிசி மூட்டையோடை உள்ளுக்கை போனவன். வந்த அண்டைக்கே உவன்ரை கண் கோட்டிலைதான்."

"அன்ரன் அப்பிடிப்பட்டவன் இல்லை" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"உங்களுக்கு ஆரையும் தெரியாது, மச்சாள்."

நாளைக்குப் பொலிசாம்.

ஜனவரி 9, வெள்ளி

இப்படியும் ஒரு நாள்.

காலை: ரவியும் இவரும் பொலிசுக்கு. இவர் வந்து சொன்னது: எழுதிய பொலிஸ்காரர் பேனையை வைத்துவிட்டு மூன்று தரம் கேட்டாராம். "என்ன கோட்டு? மழைக்கோட்டோ? குளிருக்கோ? இஞ்சையோ?" சந்தேகம் யாரில் என்ற இடத்தில் ரவி அன்ரனின் பெயரைக் கொடுத்திருக்கிறான்.

மத்தியானம்: இன்சூரன்ஸ் கேட்க பொலிஸ் அறிக்கையின் பிரதி வேண்டுமாம், கையெழுத்தோடும் சீலோடும். பொலிஸ் பெரியவர் லீவாம். செவ்வாய், புதனுக்கு வரச் சொன்னார்களாம். ரவி கோபத்தில் போனை எடுத்தான். ஒரு மணித்தியாலம் இங்கிலீசில் சண்டை. பிறகு, "ரிக்கெற்றை மாத்தியாச்சு. பதினெட்டு. அந்தப் பேப்பர் இல்லாமல் நான் போகமாட்டன்."

பதினெட்டு! பொங்கல் பதினைந்து!

குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தி, துவாயை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தேன். நான் நினைத்த வழியால் ஒன்றும் நடக்கவில்லை, நினைத்தது நடந்துவிட்டது.

பின்னேரம் சரசக்கா: "ஓட்டோக்காறப் பெடியனைப் பொலிசுக்குக் கூப்பிட்டிட்டாங்களாம், பிள்ளை."

சிரிப்பு நின்றது.

கோட்டுகளை எடுத்து வந்து "தற்செயலாக" எங்காவது கண்டுபிடிப்பது என்று முடிவெடுத்தேன். விளக்கு வைக்கிற சாட்டில் லண்டன் வீட்டுக்கு ஓடினேன். அலுமாரி வெறுமை. கீழ்த்தட்டு மட்டுமில்லை, எல்லாத் தட்டும். ரீச்சரின் ஒரு லேஞ்சித் துண்டு கூட இல்லை. பூட்டு உடைக்கவில்லை, யன்னல் உடைக்கவில்லை.

கள்ளியிடம் களவு. யாரிடம் போய் முறையிடுவது? விளக்கு வைக்காமலே திரும்பி வந்தேன், பிறகு ஞாபகம் வந்து மறுபடி போய் வைத்தேன்.

ஜனவரி 10, சனி

வாடைக்காற்று. காலையில் அன்ரன் வந்தான். ஓட்டோவைப் படலைக்கு வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே வராமல் வெளியிலேயே நின்றான். பன்னிரண்டு வருடத்தில் இப்படி நின்றதில்லை.

"அக்கா, என்னைப் பொழுதுபடுமட்டும் பொலிசிலை மர வாங்கிலை இருத்தி வைச்சவங்கள். அடிக்கேல்லை. மரியாதையாத்தான் கேட்டவங்கள். ஆனா ஸ்ராண்டிலை எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. பள்ளிக்கூடப் பிள்ளையளை ஏத்திற ரெண்டு தாய்மார் வேறை ஓட்டோ பிடிச்சிட்டினம். நீங்களும் அப்பிடி நினைக்கிறியளோ எண்டு கேக்கத்தான் வந்தனான்."

"இல்லை அன்ரன். நீ எடுக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரிஞ்சாக் காணும், அக்கா."

எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசை. சொல்லியிருப்பேனோ தெரியாது. எனக்கு என்னில் அவ்வளவு வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் முறைப்பாடு இல்லை, பேப்பர் இல்லை. ரவி அடுத்த பிளேனிலேயே அவளை ஏற்றிவிடுவான்.

மத்தியானம் சோறு போடும்போது இவரிடம் மெல்ல: "இஞ்சருங்கோ, லண்டன் வீட்டு அலுமாரியை ஆரேன் திறந்தவையோ?"

"ஓம், நான்தான். புதன்கிழமை. ரீச்சரின்ரை ஆட்டைத் திவசமெல்லோ. மகன் வட்ஸ்அப்பிலை சொன்னவன், அம்மாவின்ரை உடுப்பெல்லாத்தையும் அவவின்ரை பேராலை முதியோர் இல்லத்துக்குக் குடுங்கோ எண்டு. ரெண்டு உரப்பையும் ஒரு மூட்டையும். நீர் ரவுணுக்குப் போயிட்டீர், திறப்பு ஆணியிலை இருந்தது."

"மூட்டையை அவிட்டுப் பாத்தனீங்களோ?"

"செத்த மனிசியின்ரை உடுப்பை நான் ஏன் அவிட்டுப் பாப்பான்?"

அதுவும் சரிதான். ஆட்டைத் திவசத்துக்கு, செத்தவரின் பெயரால் கொடுத்தாயிற்று. கூட்டிப் பெருக்கி அள்ளிக் கொடுத்தது என் மனிசன். நான் எழுந்து அவருக்கு இன்னும் ஒரு கரண்டி பருப்புப் போட்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு

இன்றைக்குத்தான் அவள் போயிருக்க வேண்டிய நாள்.

ஏழு மணிக்கே சைக்கிளில் முதியோர் இல்லத்துக்கு. தூறல், அதோடு காற்று. விறாந்தையில் வரிசையாகக் கதிரைகள். நடுவில் சின்னத்துரை ஐயா, எண்பது வயது, ஒரு காலத்தில் பஸ் கொண்டக்டர். வேட்டிக்கு மேல் ரவியின் கறுப்புக் கோட்டு. மயிர்த்தொப்பி தலைக்கு மேலே. கையில் றேடியோ. பக்கத்தில் பாக்கியம் ஆச்சி, வனியின் வைன் நிறக் கோட்டுக்குள். முகமும் விரல் நுனியும் மட்டும் வெளியே தெரிந்தன.

சிரிக்கக் கூடாதென்று எவ்வளவோ முயன்றேன்.

பொறுப்பாளர் பிள்ளை ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "ரீச்சரின்ரை பேராலை எவ்வளவு நல்ல சாமான் தந்திருக்கிறியள்! அண்டைக்கு எல்லாரும் ரீச்சருக்காகத் தேவாரம் பாடித்தான் சாப்பிட்டவை."

தேவாரமும் பாடியாயிற்று. செத்தவர் பெயரால் கொடுத்ததை எந்த வாயால் திருப்பிக் கேட்பது?

பாக்கியம் ஆச்சி என்னைக் கிட்டக் கூப்பிட்டா. "மார்கழி வந்தால் எனக்கு நெஞ்சுக்குள்ளை குளிரும் பிள்ளை. ரெண்டு போர்வை போத்தினாலும் விடாது. இந்த நாலு நாளாத்தான் சுகமா நித்திரை கொள்ளுறன். ரீச்சர் நல்லாயிருப்பா."

"ஓம் ஆச்சி. நல்லாயிருப்பா."

சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தேன், ஏறி ஓட மனமில்லை. வழி முழுக்க ஒரு கணக்கு: அன்ரனின் பெயர் ஒரு பக்கம், என் பொங்கல் ஒரு பக்கம். ஒரு பொங்கலுக்காக ஒருவனைப் பொலிஸ் வாங்கில் இருத்திவிட்டேன். வீட்டுப் படலையைத் திறக்கும்போது முடிவு வந்துவிட்டது.

வனி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

"எடி வனி, கோட்டு ரெண்டையும் நான்தான் எடுத்தனான்."

"என்னத்துக்கு?"

"கோட்டில்லாட்டி நீ போகமாட்டாய் எண்டு."

முழுவதையும் சொன்னேன். மேலே ஏறி இருந்து காற்று விட்டது, சரசக்கா, அலுமாரி, திவசம், கொண்டக்டர் ஐயாவின் மயிர்த்தொப்பி. சவர்க்காரக் கையோடு தோய்க்கிற கல்லில் இருந்து சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்ரனின் பெயர் வந்ததும் இருவரும் நிறுத்தினோம்.

பிறகு அவள் சொன்னாள்: "அக்கா, நீ என்னை ஒருக்கால் கூட நில் எண்டு சொல்லேல்லை. கலியாணம் முடிச்சு அனுப்பேக்கையும் சொல்லேல்லை. போன முறை வந்திட்டுப் போகேக்கையும் 'கவனமாப் போய் வா' எண்டுதான் சொன்னனீ. நான் வந்தால் உனக்குக் கரைச்சல் எண்டு நினைச்சன். ரவி பொங்கலுக்கு முதலே ரிக்கெற் போடேக்கை நானும் பேசாமல் விட்டனான்."

குழாய்த் தண்ணீர் வாளியில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நிற்பாட்ட இருவருக்கும் தோன்றவில்லை. அப்போது நான் அழுதேன், நன்றாகவே அழுதேன்.

ஜனவரி 12, திங்கள்

மழை விட்டது.

ரவிக்குச் சொன்னோம். கத்தினான். "பொலிசிலை பொய் முறைப்பாடு குடுத்த ஆளாக்கிப் போட்டியள்!" அதில் நியாயம் இருக்கிறது. தலையைக் குனிந்து கேட்டேன். இவர் மட்டும் ஒரு மூலையில் இருந்து, "அப்ப அந்த மூட்டை...?" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தரம்.

நாலு பேரும் பொலிசுக்கு. நானே சொன்னேன், நானே எடுத்தேன் என்று. அதே பொலிஸ்காரர் பேனையை மறுபடியும் வைத்தார். "தங்கச்சி போகக் கூடாதெண்டோ?" "ஓம்." "வீட்டு விசயத்தை வீட்டுக்கை முடியுங்கோ, அம்மா. அந்தப் பெடியனிட்டை மன்னிப்புக் கேளுங்கோ." முறைப்பாடு வாபஸ். ரிக்கெற்றை இனி மாற்றவேண்டாம், பதினெட்டிலேயே போவம் என்று ரவிக்கு வனி சொல்லிவிட்டாள்.

அப்படியே முதியோர் இல்லத்துக்கு. ரவி விறாந்தையில் ஏறியதும் சின்னத்துரை ஐயா எழும்பி நின்றார். விசயத்தை வனி அவரின் காதுக்குள் சொன்னாள். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, இது உம்மடையே? முருகா! கழட்டிவிடும், கழட்டிவிடும். குடுத்தவையின்ரை ஆக்கள் வந்து பாத்தால் மனம் நோகும் எண்டு நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு இருக்கிறன். வேர்த்து ஊத்துது. இந்தச் சிப்புப் பூட்டும் எனக்குக் கழட்டத் தெரியேல்லை."

ரவி குனிந்து சிப்பைக் கழற்றிவிட்டான். உள்ளே ஐயாவின் மேலெல்லாம் வேர்வையில் தெப்பமாக நனைந்திருந்தது. ரவி சிரித்துவிட்டான். நாலு நாளுக்குப் பிறகு முதற் சிரிப்பு.

பாக்கியம் ஆச்சி கோட்டின் கழுத்தை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டா. வனி பக்கத்தில் போய் இருந்து, மேலே ஒரு பட்டன் பூட்டியிருக்கவில்லை, அதைப் பூட்டிவிட்டாள். "இது உங்கடைதான் ஆச்சி" என்றாள்.

ஜனவரி 13, செவ்வாய்

ரவுணில் அன்ரனின் ஓட்டோ ஸ்ராண்ட். தனியாக அவன் வீட்டுக்குப் போய்க் கேட்கலாம் என்று இவர் சொன்னார். அவன் பெயர் கெட்டது ஸ்ராண்டில், மன்னிப்பும் அங்கேதான். வனி கூட வந்தாள்.

எட்டு, பத்து ஓட்டோக்காரர். அவர்கள் நடுவில் போய் நின்றேன்.

"அன்ரன் எடுக்கேல்லை. கோட்டை எடுத்தது நான். அவனிலை பழி விழ விட்டதும் நான். எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கோ" என்றேன்.

எல்லாரும் அன்ரனைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அன்ரன்: "அக்கா, நீங்களோ? போஸ்ட் ஒப்பீஸ் அக்காவோ களவெடுத்தது?" அவன் சிரித்ததும் ஸ்ராண்டே சிரித்தது. ஒருவன் கை தட்டினான்.

ஆனால் சிரிப்பு அடங்கியதும் கிட்ட வந்து மெதுவாகச் சொன்னான்: "சனிக்கிழமையே சொல்லியிருக்கலாம், அக்கா."

"ஓம். சொல்லியிருக்கவேணும்."

எங்கள் இருவரையும் அவனே வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டான். இம்முறை படலைக்கு உள்ளே வந்து தேத்தண்ணி குடித்தான். அந்த இரண்டு தாய்மாரின் வீட்டுக்கும் நாளைக்கு நானே போய்ச் சொல்லப்போகிறேன்.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

நல்ல வெயில். பானை கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. வனி கத்தினாள், இந்த வயதில். ரவி படம் எடுத்து மகனுக்கு அனுப்பினான். புகையில் எனக்குக் கண் எரிந்தது, பரவாயில்லை. முதற் படையலின் பிறகு ஒரு பெட்டி பொங்கல் புக்கை பாக்கியம் ஆச்சிக்கு, ஒரு பெட்டி அன்ரன் வீட்டுக்கு.

சரசக்கா: "மெத்தைக் கோட்டு கிடைச்சிட்டுதாமே, பிள்ளை? ஆரெடுத்ததாம்?"

"நான்தான் அக்கா."

நம்பவில்லை. நல்ல பகிடி என்று சிரித்துக்கொண்டு போனா.

ஜனவரி 17, சனி

ரவி மறுபடி தராசும் பெட்டியுமாக. மகன் எயார்போட்டுக்கு வனிக்கு ஒரு கோட்டுக் கொண்டு வருவானாம். அப்படியானால் ஒரு தடையும் இல்லை.

நானும் வனியும் குசினியில். நான் தேங்காய் துருவ, அவள் வெங்காயம் உரித்தாள். இரண்டு நாளாகச் சொல்ல நினைத்ததைத் துருவுபலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"வனி, நில்லடி."

கத்தி நின்றது. "எத்தினை நாளைக்கு?"

"எனக்கு எண்ணத் தெரியாது."

வெங்காயத்தை வைத்துவிட்டு எழும்பி அறைக்குள் போனாள். கதவு சாத்திய சத்தம். பிறகு இருவரின் குரலும், ஒன்று கூட, ஒன்று குறைய. நான் மூன்று தேங்காய் துருவிவிட்டேன். கறிக்கு வேண்டியது ஒன்று.

ஜனவரி 18, ஞாயிறு

காலை வெயில், காற்றில்லை. அன்ரன் பத்து மணிக்கு வந்தான். ஐந்து பெட்டி ஏறியது. கறுப்புக் கோட்டு ரவியின் தோளில். ஓட்டோவில் ஏறும்போது சொன்னான்: "மச்சாள், மாசி முடிய இவளை அனுப்பி வைக்கவேணும். இல்லாட்டி நானும் பொலிசுக்குத்தான் போவன்." முகத்தில் கோபமில்லை, கொஞ்சம் கவலை இருந்தது. வனி ஓட்டோவுக்குள் தலையை நீட்டி அவனோடு ஏதோ கதைத்தாள். நான் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.

ஆறாவது பெட்டி அறைக்குள் திறந்தபடி கிடக்கிறது. அதிலிருந்த உடுப்பை எல்லாம் என் அலுமாரியில் தள்ளிவிட்டு, என் சேலைகளைக் கட்டிலில் குவித்திருக்கிறாள். இவருக்கு இருக்க இடமில்லாமல் விறாந்தையில்.

குசினியிலிருந்து கத்துகிறாள், சீனிப் போத்தல் எங்கே என்று. தேடட்டும். இருக்கப் போகிற வீட்டில் எது எங்கே என்று அவளுக்குத் தெரியத்தானே வேண்டும்.